பாதி வேர்

தூத்துக்குடி வெயிலுக்கு ஜூனிபர் மரம் தாங்காது என்று சொல்கிறவர்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதவர்கள். உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்தான் கொல்லும். எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் நின்ற மரமே சாட்சி. ஞானசௌந்தரி மாமி வீடு அது. அவர் கணவர் ரோச் மாமா கப்பலில் வேலை பார்த்தவர், வீடு கட்டிய வருடம் அழகுக்காக நட்டார். அவர் காலமான பிறகு கவனிப்பார் இல்லாமல், அது ஜன்னலை மறைத்து, காம்பவுண்டு சுவரை நெம்பி, ஆள் தொடைக் கனத்துக்கு முறுக்கிக்கொண்டு வளர்ந்துவிட்டது. மாமி அதன் கிளையில் தரை துடைக்கிற துணியைக் காயப்போடுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மொட்டைமாடியில் போன்சாய் வளர்க்கிறேன். போன்சாய் என்றால் விதை போட்டு வளர்ப்பது என்று நினைக்கிறார்கள். அந்த மாதிரி அடிமரம் விதையிலிருந்து வர ஒரு ஆயுசு போதாது. எங்காவது வளர்ந்து கெட்டுக் கிடக்கிற மரத்தைத் தோண்டி, குறைத்து, தட்டில் உட்கார வைப்பதுதான் எங்கள் வழி.

அதில் அவசரம் ஆகாது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த வருடம் ஒரு பக்கத்து வேரை அறுத்து, அந்தக் குழியில் ஆற்றுமணல் நிரப்பி, மரத்தைத் தன் போக்கில் விட வேண்டும். அடுத்த வருடம் மறுபக்கம். எந்தக் கிளையிலும் பச்சையை முழுக்கக் கழித்துவிடக் கூடாது, நுனியிலாவது கொஞ்சம் விட வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இன்னொன்று உண்டு. வேர் செத்த பிறகும் இந்த மரம் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், பாவம்.

சுவர்ப் பக்கத்து வேரை அறுக்க மாமியே சம்மதித்தார். சுவர் விழுந்துவிடும் என்று நான்தான் பயமுறுத்தியிருந்தேன். மரத்தையே கேட்டபோதுதான் மறுத்தார்.

“ஏலே கிளைட்டா, வேற என்ன வேணும்னாலும் கேளு. இது உங்க மாமா நட்டது. கிறிஸ்மஸுக்கு விஜிலா வந்தா குடில எங்கன வைப்பேன்?”

வருடாவருடம் அந்த மரத்தடியில்தான் குடில் வைப்பார். விஜிலா அவருடைய ஒரே மகள், மஸ்கட்டில் நர்ஸ். மாமி சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாதி வேர் அறுத்த மரத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு மாமிமேல் கோபம் கிடையாது. நல்ல மனுஷி. தினமும் காலையில் மீன்காரி முத்துமணி வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பாள். மீன் நாறுகிறது என்று மாமி வருத்தப்படுவதாகவும், முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுவதாகவும் அவளிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து தெருவுக்கு மறுபக்கமாகவே போனாள். ஜெபம் சொல்ல வரும் மாதாகோயில் அன்பியக் குழுப் பெண்களிடம், கூட்டம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். அந்த வருடம் அவ்வளவுதான். மாமி வாடிப்போகவில்லை, பாதி வேரோடும் நன்றாகத்தான் இருந்தார்.

அடுத்த வருடம் மாமியின் போன் பழுதானது. சரிசெய்துதருவதாக வாங்கி வைத்துக்கொண்டேன். விஜிலாவிடம், உன்னிடம் பேசினால் அம்மாவுக்குப் படபடப்பு வருகிறது, இப்போது பேச வேண்டாம் என்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாமி கேட்டால், விஜிலாவுக்கு நைட் டூட்டி. அவள் வருகிறேன் என்று சொன்ன கிறிஸ்மஸுக்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அப்போது ஒருநாள் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒருத்தியும் எட்டிப் பாக்க மாட்டேங்காளே. நான் யாருக்கு என்னல செஞ்சேன்? பெத்த மவளே பேச மாட்டேங்கா. நீ மட்டுந்தாம்ல எனக்கு இருக்க.”

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன் சார். நுனிப் பச்சையை நான் கழிக்கவில்லை. தினமும் போய்ச் சாயா போட்டுக் கொடுத்தேன்.

நெஞ்சு வலிக்கு அவர் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துக் கடையிலிருந்து வாங்கித் தருவது நான்தான். முதலில் பாதியை நிறுத்தினேன். சிறிது காலம் விட்டு மீதியையும். அவற்றுக்குப் பதில் அதே நிறத்தில் சத்து மாத்திரை. மாமி ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொண்டு விழுங்குவார், எனக்காகவும் ஜெபிப்பதாகச் சொல்வார். விஜிலாவுக்கு அனுப்ப வாராவாரம் போட்டோ எடுப்பேன். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

அவர் இறந்தது ஐப்பசி மழை தொடங்கின வாரம். மரம் பெயர்க்க அதைவிட நல்ல பருவம் கிடையாது.

அடக்கத்துக்கு நான் போகவில்லை என்றுதான் உங்களுக்கு முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. எல்லாரும் மாமிக்கு மண் போட்ட நேரத்தில் நான் மறுபக்கத்து வேரை அறுத்து, கிளைகளைக் குறைத்து, மரத்தைத் தட்டில் இறக்கி, சுற்றிலும் மண் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த விஜிலா வாசலில் குழியைப் பார்த்தாள். அழவில்லை. அம்மா ஏன் தன்னோடு பேச மாட்டேன் என்றாள் என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் முத்துமணியும் அன்பியத்துப் பெண்களும் நின்றார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணமும் என் வாயிலிருந்து வந்தது என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. மாமிக்குக் கொடுக்காத மாத்திரைகளைப் பிறகு நீங்களே என் வீட்டில் எடுத்தீர்கள்.

ஆமாம், ஞானசௌந்தரி மாமியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஈவு இரக்கமில்லாதவன் என்று எழுதாதீர்கள். இரக்கம் இல்லாதவன் ஒரே வெட்டாக வெட்டியிருப்பான்.

ஒரே ஒரு உதவி. மரம் மொட்டைமாடியில் நிழலில் இருக்கிறது, காலையில் யாராவது இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதும். விஜிலா அதைப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்றாளாம். அவளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? நேற்று உங்கள் ஆட்களோடு போனபோது நான் தொட்டுப் பார்த்தேன் சார். ஒரு இலை வாடவில்லை. பச்சையாகத்தான் இருக்கிறது.