தெருவை மட்டும் பார்க்கும் கேமரா

பனி அள்ள அலுமினிய ஷவல்தான் நல்லது, ஆபீசரம்மா. பிளாஸ்டிக் வாங்காதீர்கள்; நம் விஸ்கான்சின் குளிருக்கு ஜனவரி தாண்டாது. பக்கத்து வீட்டு லைல் கூபியக் வைத்திருந்தது பிளாஸ்டிக்தான். சொன்னால் கேட்கிற ஆளா அவன்.

பெயர், வயது என்று முறைப்படி கேட்டீர்கள். வெர்னன் டாலஃப்சன், எழுபத்தொன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கு முப்பது வருஷம் முதலுதவி சொல்லிக் கொடுத்தவன்.

‘வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள் விருப்பமிருந்தால் போலீசில் பதியலாம்’ என்று உங்கள் ஸ்டேஷன் அறிவித்ததே, அன்று மத்தியானமே பதிந்தேன். எங்கள் தெருவில் முதல் ஆள். நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கரை ரசமட்டம் வைத்துப் பார்த்து ஜன்னலில் ஒட்டினேன். விருப்பமிருந்தால் என்கிறார்கள். ஒழுங்கான மனுஷனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

லைலுக்கு அது பிடிக்கவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போதெல்லாம் என் கேரேஜ் மூலைக் கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கத்துவான்.

"என்ன வெர்னன், இன்னைக்கு எத்தனை தடவை மூக்கைச் சொறிஞ்சேன், எண்ணிட்டியா? போலீசுக்கு அனுப்பிடு, மறந்துடாதே!"

தெருவே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன்.

அப்புறம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனான். பதினோரு பேர் கை தூக்கினார்கள். என் கேமரா தெருவை மட்டும் பார்க்க வேண்டுமாம். கூபியக் வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டுமானால் அந்த வீட்டார் எழுத்தில் அனுமதி தர வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். வீட்டுக்கு வந்ததும் திருப்பிவிட்டேன். எட்டு மாதம் ஒரு இம்மி நகரவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே முக்கால் இருக்கும், ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சரட் சரட்டென்று பனி அள்ளுகிற சத்தம் திடீரென்று நின்றது. போனில் விரலை வைத்துக் கேமராவைத் திருப்பினேன். அது மீறல்தான், ஒப்புக்கொள்கிறேன். லைல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் மல்லாந்து கிடந்தான். கேமராவின் நீல விளக்கு தன் பக்கம் வந்ததைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஏதோ சொன்னான்.

அந்தக் கேமராவில் பேசவும் முடியும். பொத்தானை அழுத்தி, "லைல், இந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு நீதானே தீர்மானம் போட்டே? தப்பு என்னோடதுதான். திருப்பிடறேன்" என்றேன். சொன்னபடி திருப்பினேன். உங்கள் படிவத்திலேயே இருக்கிறது, பதிந்தவர்கள் தாங்களாக எதிலும் தலையிடக் கூடாது, காட்சியைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று. நான் அதை வரி வரியாகப் படித்தவன்.

கஞ்சி ஆறுவதற்குள் அவன் மனைவி மார்னி நூலகத்திலிருந்து கூப்பிட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை.

"வெர்னன், கோச்சுக்காதீங்க. லைல் போனே எடுக்கல. உங்க கேமராவுல தெரியறாரான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"கேமரா தெருவைத்தாம்மா பாக்குது."

பொய் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் திருப்புங்களேன். அவருக்கு நெஞ்சு சரியில்லன்னு உங்களுக்கே தெரியும். நானும் கிளம்பிட்டேன், ரோடெல்லாம் பனி."

"எழுத்துல குடுத்தாத்தான் திருப்பலாம். சங்கத்துல அப்படித்தானே முடிவாச்சு?"

"ஐயோ கடவுளே, என்ன மனுஷன் நீங்க! அனுப்பறேன், அனுப்பித் தொலைக்கறேன்!"

அனுப்பினாள். தேதி போடவில்லை. தேதி போட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன். பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு வந்தது. வந்த மறுநொடி திருப்பினேன். லைல் முகத்தில் பனி கரையாமல் படிந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நீங்கள் பதிந்தவர்களுக்கெல்லாம் எழுதினீர்கள். பனி ஒதுக்கும் லாரி ஏதோ தபால் பெட்டியை இடித்துவிட்டது, செவ்வாய்க் காலைக் காட்சி வேண்டும் என்று. முதலில் அனுப்பியவன் நான். வெட்டாமல், சத்தத்தோடு முழுசாக அனுப்பினேன். வெட்டிக் கொடுத்தால் சாட்சியம் செல்லுமா? லாரி அதில் தெளிவாகத் தெரிகிறது. நீங்களானால் லாரியை விட்டுவிட்டு லைலைப் பற்றியே கேட்கிறீர்கள்.

உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்கிறீர்கள். பிழைத்திருப்பான். முதல் பத்து நிமிஷம்தான் உயிர் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதற்காக அவன் செத்ததில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதிவிடாதீர்கள். அப்படியெல்லாம் இல்லை. எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

பனியில் கிடந்தபடி அவன் சொன்னது, "தயவுசெஞ்சு, வெர்னன்." பதினான்கு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தான், அப்படி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்ததே இல்லை. உங்களுக்கு அனுப்புவதற்கு முன் அந்த இடத்தை மட்டும் பதினெட்டு தடவை போட்டுக் கேட்டேன். சத்தம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.