அண்ணனுக்கு நான் செய்து வைத்த கல்யாணம்

கல்யாணம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற ஆள் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அது நான்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை, அதில் எனக்கு ஒரு ஆசை. ஆகவே என் அண்ணன் கல்யாணத்தில் நான் ஓடி ஓடி உழைத்ததை வைத்து என்னைச் சந்தேகப்படுவது சரியில்லை, போதகர் ஐயா. நான் எப்போதுமே அப்படித்தான்.

உட்காருங்கள். அந்தக் காகிதத்தை மேஜைமேல் வையுங்கள். முப்பத்து நாலு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், தலைப்பைப் பார்த்தாலே போதும், விடுதலைப் பத்திரம். அண்ணன் வீட்டில் என் பாதியை நான் அவர் வளர்த்த பெண் பட்டாணிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நான் அனுப்பிய நோட்டீஸ்படி வீடு விற்பனைக்குப் போகும், அவளும் பட்டறையும் தெருவுக்குப் போக வேண்டும். இதற்கு நடுவில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தெரிந்தேதான் செய்தீர்களா என்று.

சொல்கிறேன். என்னிடம் கேள்வி கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாக வரும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அண்ணன் பல்செட் செய்கிறவர். முன்னறைதான் பட்டறை. சுவர் அலமாரி முழுக்கத் தெருக்காரர்களின் வாய்கள் வெள்ளை மாவு அச்சில் வரிசையாக இருக்கும். அவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் ஆணியைக் கடித்தாராம், ஆணிக்குத்தான் கூர் மழுங்கியதாம். இதை நான் இருநூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கே அந்தக் கிழவரின் முகம் ஞாபகம் வருகிறது. ஆனால் இன்று உங்களிடம் சொல்வது அந்த ரகம் இல்லை.

பட்டாணி வந்தது அந்தப் பட்டறைக்குத்தான். பல் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்து, "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று போனாள். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அண்ணனும் அண்ணியும் பிள்ளை இல்லாதவர்கள், வளர்த்தார்கள். அண்ணி போன பிறகு பட்டாணிதான் அவருக்கு மாத்திரை கொடுத்தாள், நகம் வெட்டினாள், கை நடுங்க ஆரம்பித்ததும் பட்டறை வேலையையும் எடுத்துக்கொண்டாள். அவரை அப்பா என்றாள். என்னைச் சித்தப்பா என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் உயில் எழுதினார். தட்டச்சு செய்தவன் நான்.

"அடிடா. வீடு, பட்டறை, சாமான் எல்லாம் பட்டாணிக்கு."

"சரிண்ணே. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"இல்ல, வேற யாராவது சொந்தக்காரங்க..."

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "ஆமாமா, மறந்தே போயிட்டேன். என் தம்பிக்கு உசிரு இருக்கற வரைக்கும் பல்லு இலவசம். அதையும் சேர்த்துக்க."

சேர்த்துக்கொண்டேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். ஒழுகுகிற குழாயோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற பிரம்மச்சாரி நான். எனக்கு விழுந்த சொத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தேன். அப்போது என் வாயில் இருபத்தாறு சொந்தப் பல் இருந்தன, ஐயா.

இனி சட்டம். நம் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் வளர்த்த பிள்ளைக்கு இடமில்லை. உயிலில் எழுதி வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உயில் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி ரத்த சொந்தத்துக்கு. அண்ணனுக்கு ரத்த சொந்தம் நான் ஒருவன். இதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. உயில் எழுதி வைத்தவர் அதன் பிறகு கல்யாணம் செய்துகொண்டால், செய்துகொண்ட அந்த நிமிடமே உயில் செல்லாமல் போய்விடும். கிழிக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். சபையில் இது யாருக்கும் தெரியாது. உயில் எழுதிய கையோடு மாப்பிள்ளையாகிறவர்கள் எத்தனை பேர்?

போன வருடம்தான் பாட்டு டீச்சர் மேல்பல் செட்டுக்கு வந்தார். கணவரை இழந்தவர், அறுபத்தெட்டு வயது. புதுப் பல்லைப் போட்டுப் பாடினால் விசில் அடிக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்தார். நாலாவது தடவை அண்ணன் தலையை வாரிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தது என் குற்றமா?

நான் செய்ததெல்லாம் கொஞ்சம் ஊதிவிட்டதுதான். அண்ணன் பெயரில் டீச்சருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். குமாஸ்தா கை பாருங்கள், "மேற்படி தங்கள் புன்னகை" என்று மூன்று இடத்தில் வந்துவிட்டது. அந்த அம்மாள் சிரித்துச் சிரித்தே சம்மதித்துவிட்டார்.

பட்டாணியிடம் நானே பேசினேன். அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்கு ஏன் சித்தப்பா இது தோணல? அப்பா மனசுல இப்படி ஒண்ணு இருந்திருக்கே" என்றாள். கேக்கும் அவளே செய்தாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் இதயம் ஒரு வருடம் தாண்டினால் அதிசயம் என்று சொல்லியிருந்தார். அவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கல்யாணத் தேதியை மட்டும் இரண்டு மாதம் முன்னுக்கு இழுத்தேன்.

நீங்கள் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்தீர்கள். இந்த இருவரும் மணம் செய்யத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றீர்கள். எனக்குத் தடை எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பின்னால் நடக்கப்போவது. அதை நீங்கள் கேட்கவில்லை.

அண்ணன் கேட்டார். அதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணி தரையில் உட்கார்ந்து கீழ்ப்பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அந்த உயில் இருக்கே. இப்ப இவங்க வேற வீட்டுக்கு வர்றாங்க. புதுசா ஒண்ணு எழுதணுமா?"

"எதுக்குண்ணே? அது பாட்டுக்கு இருக்கும்."

"நாளைக்குப் பட்டாணிக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது. நீ சட்டம் தெரிஞ்சவன்னுதான் கேக்கறேன்."

"மாப்பிள்ளை பேசற பேச்சா இது. நான் பாத்துக்கறேன்."

பட்டாணி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "விடுங்கப்பா. சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் நீங்கள் ஆசீர்வாதம் சொல்லி முடித்தபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு நாற்காலி மடக்கினேன்.

ஏழு மாதம் அண்ணன் சந்தோஷமாக இருந்தார். டீச்சர் பாட, இவர் தாளம் போட, பட்டாணி பக்கத்தில் பல்செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்க, அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பட்டாணி மடியில்தான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவள் உயிலை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வேறு யாரிடம் போவாள். "சித்தப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இது செல்லாதுங்கறாங்க. நீங்கதான கூட இருந்து எழுதினீங்க, வந்து சொல்லுங்க." தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அந்தச் சட்டப் பிரிவை அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாக விளக்கினேன். வக்கீல் ஆபீஸில் அப்படி விளக்கக் கட்டணம் வாங்குவார்கள். முழுதும் கேட்டுவிட்டு, "அப்பா அன்னிக்குக் கேட்டாரே" என்றாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

டீச்சர் தன் பாதியை மறுவாரமே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழு மாதம் இருந்தவர். பாட்டுக்காரர்களுக்குச் சொத்தின் அருமை தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெரியும், ஐயா. உயிலை அடித்தபோதே தெரியும். டீச்சர் முதல்நாள் வாயைத் திறந்தபோதே கணக்குப் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதும் தேதியை முன்னுக்கு இழுத்தேன். அண்ணன் கேட்டபோது பொய் சொன்னேன். இதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை, நான் உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் என்றால், இதில் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்காகத்தான் கல்யாணம் செய்து வைத்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அண்ணனுக்கு அவமானம். வீட்டுக்காக இல்லை என்று காட்டுவதற்காவது என் பாதியை நான் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். எழுபத்தைந்து வயதில் ஒரு மனுஷன் அத்தனை பெரிய வீட்டில் ஒண்டியாகக் கிடந்தால் கூடப் பிறந்தவனுக்கு மனசு கேட்குமா? நீங்களே சொல்லுங்கள், அந்த வீட்டில் அவருக்கென்று யார் இருந்தார்கள்?