தண்ணி விசில்

ஐயோ, பயந்துட்டீங்களா? மேட்ச் ஒண்ணும் முடியல, உக்காருங்க. டென்னிஸ்ல விசில் கிடையாதுதான், எனக்கும் தெரியும். இது தண்ணி விசில். பக்கம் மாறுறப்பல்லாம் ஊதுவேன், வந்து ஆளுக்கு நாலு மடக்கு குடிக்கணும். ஒரேயடியா கவுத்துக்கவும் விடமாட்டேன், வயிறு குலுங்கும்.

தொப்பி போட்டு நிக்கிறவர் எங்க வீட்டுக்காரர். எதிர்ல தொந்தியோட ஓடுறது எங்க அண்ணன். கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் எதுலயும் போட்டிதான். இவர் மூக்குக்கண்ணாடி மாத்தினா அண்ணனுக்கும் உடனே கண்ணு மங்கிடும்.

போன வருஷம் ஒரு பந்தயம். யாரு முதல்ல தண்ணி பாட்டிலைத் தொடுறாங்களோ அவங்க தோத்த மாதிரி. அன்னைக்குப் பாத்து மண்டையப் பொளக்கிற வெயில். ரெண்டு மணி நேரம், ஒரு சொட்டு உள்ள போகல. அண்ணன் சர்வீஸ் போடுறேன்னு பக்கத்து கோர்ட்டுக்கு அடிக்குது, அங்க ஆளே இல்ல. இவர் பாயிண்ட்டைத் தலைகீழா சொல்றாரு. நான் இதே பெஞ்சுல உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேங்க.

அப்புறம் இவர் நெட்டைப் பிடிச்சுக்கிட்டே கீழ உக்காந்துட்டாரு. ஓடிப்போய் தூக்கினா, என் மூஞ்சியப் பாத்து நீங்க யாருங்கன்னு கேக்குறாரு. அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒத்தாசைக்கு வந்த அண்ணனும் அங்கயே சரிஞ்சுருச்சு.

ஆஸ்பத்திரில பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஆளுக்கொரு டிரிப்ஸ். தெளிஞ்சதும் என்ன பண்ணாங்கன்னு நெனைக்கிறீங்க? யாரு டிரிப்ஸ் முதல்ல தீருதுன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டுக் கெடக்குறாங்க. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. டாக்டரம்மா திட்டு திட்டுன்னு திட்டிட்டு, இந்தக் கிறுக்குப் பந்தயத்தை ஆரம்பிச்சது யாருன்னு கேட்டாங்க. இவர் நான்தான்னாரு. அண்ணன், இல்ல நான்தான்னுச்சு. பாருங்க, அதுலயும் போட்டி.

யாரு சொன்னது நெசமா? ரெண்டும் இல்லைங்க. தண்ணி குடிக்கிற சாக்குல கால் மணி நேரம் இங்க உக்காந்து வாயடிப்பாங்க, வீட்டுக்குப் போக நேரமாகும். அதான் சும்மா இருக்காம நான்தான் இந்தப் பந்தயத்தை எடுத்து விட்டேன். டாக்டரம்மா கேக்குறப்ப நானும் அங்கதான் நின்னேன், வாயே தொறக்கல. இன்னி வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

அந்த ஊதா பாட்டிலைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க. காதைப் பொத்திக்குங்க, பக்கம் மாறப் போறாங்க.