இன்னும் முறை வரவில்லை

"அது உங்க ரத்தத்துலயும் இருக்கும் மாமா, என் ரத்தத்துலயும் இருக்கும்" என்று முன் இருக்கைப் பெண் சொன்னாள். குத்தாலம் போகும் பேருந்தில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நான் விழித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் பச்சைத் துண்டு போட்ட பெரியவர்.

"நம்ம போர் தண்ணியில இருக்குன்னியே, அதுவா?"

"அதேதான். ஒட்டாத தோசைக்கல்லு, மழையில நனையாத துணி இதுக்கெல்லாம் போடற ஃப்ளோரின் ரசாயனம். ஆயிரக்கணக்குல வகை இருக்கு. எங்க லேப்ல அத்தனையும் சோதிக்க முடியாது. ஒரே மாதிரி இருக்கறதுல ஒண்ண மட்டும் எடுத்து விஷமான்னு பாக்கறோம்."

"நெல்லு கொள்முதல்ல குத்தூசி விட்டு ஒரு மூட்டைய மட்டும் பாக்கற மாதிரி."

"ஆமா."

"நம்ம தண்ணியில உள்ளத பாத்தாச்சா?"

"இல்ல மாமா. அதுக்கு இன்னும் முறை வரல."

"அப்ப விஷம்னு சொல்ல முடியாது."

"இல்லன்னும் சொல்ல முடியாது."

சாலையோரக் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் மூடிய நெற்குவியல்கள் எடை போடக் காத்துக் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்தார்.

"நெல்லு காத்துக் கெடந்தா மொளைச்சுப் போயிடும். இது?"

"இதுக்கு ஒண்ணும் ஆகாது. மக்காது, அழியாது. அப்படியே இருக்கும்."

"நாங்க?"

வெயில் ஏறியிருந்தது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி இருக்கா மாமா?" என்றாள்.

அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "நம்ம போர் தண்ணிதான்" என்றார்.

அவள் வாங்கிக் குடித்தாள்.