ஒரு பிடி மாவு

"படு! எல்லாரும் கீழ விழுந்து படு!"

கத்துவது நான். பதுங்குகுழியின் வாயில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே. மேலே கிபிர் விமானம். அதன் சத்தம் முன்னால் வருவதில்லை. அது தாண்டிப் போன பிறகுதான் வானம் கிழியும். என் மனைவி சரசு பின்னாலேயே ஓடி வந்தாள். முற்றத்தின் பாதியில் நின்றாள். இரண்டு கையிலும் ரொட்டி மாவு. திரும்பினாள். குசினிக்குள் ஓடினாள். மாவுச் சட்டியை மூட.

"சரசு! விட்டுட்டு வா!"

முதல் குண்டு குளக்கட்டில். இரண்டாவது எங்கள் குசினியில்.

பிறகு புகை. பிறகு எதுவும் கேட்கவில்லை. என் வலக்காது இன்றும் கேட்பதில்லை.

இது வன்னியில், தொண்ணூறுகளின் கடைசியில். அங்கே நான் பள்ளி ஆசிரியர். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு இறங்கியவன். சரசுவைப் புதைத்துவிட்டுப் படகேறினேன். தமிழ்நாட்டில் அகதி முகாம். கிபிர் இஸ்ரேலில் செய்த விமானம் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டேன். பகைக்க எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

என் தங்கை பார்வதி எழுபதுகளிலேயே கப்பலேறியவள். நிக்கோபாரில் கச்சால் தீவு. ரப்பர் தோட்ட வேலை. சுனாமி அவள் புருஷனையும் மகனையும் கொண்டுபோனது. தனியாக மிஞ்சியவள் வடக்கே அந்தமானில் லாங் ஐலண்டுக்கு வந்தாள். ஜெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட்டாள். துணைக்கு நான் போனேன்.

2012. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய நாள். ரூத் என்ற பெண் கடைக்கு வருகிறாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு புதுத் தேக்சா, மூடி போட்ட பெரிய பாத்திரம். கூடவே அவள் நாட்டுப் பயணிகள் நான்கு பேர், எல்லோரும் இளைஞர்கள். அன்று மாலை அவர்களுக்குப் பெசாக் பண்டிகை. தெரிந்த இந்தியில் சமைக்க அடுப்பு கேட்கிறாள்.

எந்த நாடு என்கிறேன். இஸ்ரேல் என்கிறாள். என் இடக்காது இரைகிறது.

"அண்ணே, அப்படி மொறைக்காதீங்க. கஸ்டமர் ஓடிப்போயிரும்."

"பார்வதி, இவங்க நாட்டு விமானம்தான்..."

"தெரியும். நூறு தடவ சொல்லியாச்சு. கடலு என் வூட்டையே தின்னுச்சு. அதுல புடிச்ச மீனத்தானே பொரிச்சு விக்கிறேன்? பஸ், போதும். உருளக்கெழங்கச் சீவுங்க."

சீவினேன். ரூத் செய்ய நினைத்தது குகல் என்ற பண்டம். காய்கறியை முட்டையோடு சேர்த்து வேகவைத்துத் துண்டு போடுவது. உருளைக்கிழங்கு, கேரட், சுரைக்காய் மூன்றையும் துருவினாள். உப்புப் போட்டுப் பிசிறினாள். துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரை அப்படியே விட்டுவைத்தாள். தெளிந்ததும் அடியில் வெள்ளையாக மாப்பொருள் படிந்திருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை மட்டும் வழித்துக் காயில் சேர்த்தாள். கோதுமை மாவுக்குப் பதில் இதுதான் என்றாள்.

அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இன்று இந்தக் குசினியில் கோதுமை மாவு இருக்கக் கூடாது; பண்டிகையில் அது அவர்களுக்கு விலக்கு. பார்வதி மைதா டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் வைத்துவிட்டு வந்தாள்.

ரூத் வெங்காயத்தை எண்ணெயில் சிவக்க வதக்கினாள். முட்டை, மிளகு. எல்லாம் கலந்து தேக்சாவில் கொட்டினாள். இங்கே ஓவன் கிடையாது. அடியிலும் மூடி மேலும் தேங்காய்ச் சிரட்டைத் தணல் வைப்பது என்று முடிவாயிற்று. தணல் என் பொறுப்பு.

"மாஸ்டர்ஜி, தேக்னா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். பார்த்துக்கொள் என்கிறாள். என்னை நம்புகிறாள்.

நான் பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். டின்னைத் திறந்தேன். ஒரு பிடி மைதா. கையை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். மனம் மாற வழியில் நேரம் இருந்தது. மாறவில்லை. தேக்சாவில் தூவினேன். கரண்டியால் கலக்கினேன். மூடினேன். தணலை ஏற்றினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

மாலை. மேசையில் மெழுகுவர்த்திகள். நடுவில் குகல், மேற்புறம் பொன்னாக முறுகி. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த, அப்பளம் போல வறண்ட ரொட்டி. எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. வாசலில் நின்றேன். அவர்கள் தின்பதைப் பார்க்க.

தின்பதற்கு முன் கதை சொல்வது அவர்கள் வழக்கம். எனக்காக ரூத் ஆங்கிலத்திலும் சொன்னாள். முன்னோர்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஓட வேண்டி வந்தது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை. பெண்கள் அந்த மாவைத் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். அந்த ஓட்டத்தின் நினைவாக இன்று இந்த வறண்ட ரொட்டி. வேறு மாவு கிடையாது.

மாவோடு ஓடிய பெண்கள்.

முற்றத்தின் பாதியில் சரசு நிற்கிறாள்.

ரூத் குகலை வெட்டித் தட்டுகளில் வைக்கிறாள். கரண்டிகள் எழுகின்றன.

"சாப்பிடாதீங்க! மத் காவோ! மத் காவோ!"

நால்வர் நிறுத்தினார்கள். ஒரு இளைஞன் வாயில் ஏற்கெனவே ஒரு துண்டு. அதைக் கையில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். மைதா போட்டதைச் சொன்னேன். விமானத்தைச் சொன்னேன். சரசுவைச் சொன்னேன்.

ரூத் எழுந்து என் முன்னால் வந்தாள்.

"மைனே மாரா, மாஸ்டர்ஜி?"

நான் கொன்றேனா என்கிறாள். குரலை உயர்த்தவில்லை.

"நஹி," என்றேன்.

"தோ கிஸ்னே?" பிறகு யார்?

பதில் என்னிடம் இருந்தது. அதை இங்கேதான் எழுதுகிறேன்.

குண்டு விழுந்ததற்கு முந்தின வாரமும் விமானம் வந்தது. மாவைத் திறந்துபோட்டுவிட்டுச் சரசு பதுங்குகுழிக்கு ஓடி வந்தாள். கூரை மண் முழுவதும் மாவில் விழுந்தது. வீட்டிலிருந்த கடைசி மாவு. எல்லோர் முன்னாலும் நான் கத்தினேன். "மூடி போட்டுட்டு வரத் தெரியாதா ஒனக்கு?"

தெரிந்துகொண்டாள்.

ரூத் குகலைத் தேக்சாவோடு கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். அன்றிரவு அவர்கள் வறண்ட ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். காலைப் படகில் போய்விட்டார்கள். பார்வதி என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"நம்பி அடுப்பக் குடுத்தேன், அண்ணே."

இழந்தவை இவை. கச்சாலில் என் மச்சானும் மருமகனும். அது கடல் செய்தது. லாங் ஐலண்டில் ஒரு பண்டிகைச் சாப்பாடு, ஐந்து பேருக்கு; அது நான் செய்தது. வன்னியில் சரசு, ஒருத்தி. குண்டைப் போட்டவன் மேலிருந்தான். அவளைக் குசினிக்குத் திருப்பி அனுப்பியவன் பதுங்குகுழி வாயில் நின்று, விட்டுட்டு வா என்று கத்திக்கொண்டிருந்தான்.