செங்கோடன் வளைத்த இழை

கொல்லிமலை பஸ்ஸில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும், சார். பதினோரு வருஷமாக ராசிபுரத்திலிருந்து வந்துபோகிறேன், இன்னும் பழகவில்லை. உட்காரச் சொன்னதற்கு நன்றி.

என் வேலை பெரிய வேலையில்லை. மலை மேலே செம்மேட்டில் ஒரு அறை, அதில் ஒரு மெஷின். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் அது ஒளியை அனுப்பும். போகிற வழியெல்லாம் அந்த ஒளி துளித்துளியாகத் திரும்பி வரும். வருகிற நேரத்தையும் பலத்தையும் வைத்து, எத்தனையாவது மீட்டரில் ஒளி குறைகிறது, எங்கே அறுந்திருக்கிறது என்று திரையில் ஒரு கோடு காட்டிவிடும். நான் தூரத்தைச் சொல்வேன். செங்கோடன் போய் ஒட்டுவார். மலையில் எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பகுதிக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

கேபிள் அறுந்தால் அந்தப் பக்கத்து டவரும் போய்விடும். போன் எடுக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. இடத்தைக் கண்டுபிடித்ததும் இழையை விரலில் ஒருமுறை வளைத்து விடுவார். வளைத்தால் அங்கே ஒளி கசியும், திரையில் கோடு சரியும். விட்டால் நிமிரும். ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று தெரிந்துகொள்வேன்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு குண்டனி நாட்டுப் பக்கம் லைன் போனது. ஆறாவது கிலோமீட்டர் தாண்டி, ஒரு சரிவில்.

"மண்ணு ஊறிக் கெடக்குதுங்க. நாளைக்குப் போலாங்களா?" என்றார்.

"இன்னிக்கே முடிச்சிட்டா நாளைக்கு நான் மலை ஏற வேண்டாமுங்க" என்றேன்.

"செரிங்க, போய்ட்டு வாரேன்." வேறு யாரிடமும் சொல்லாமல் அப்படியே கிளம்பினார்.

மூன்று மணிக்குக் கோடு ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. பிறகு அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சரிந்தது, நிமிர்ந்தது, சரிந்தது, நிமிர்ந்தது. நிற்கவே இல்லை. மண் சரிந்து மாட்டிக்கொண்டார் என்று புரிந்தது. புரியவில்லை என்று சொல்லமாட்டேன். ஆளைத் திரட்டி, கயிறு தேடி, அங்கே இறங்கினால் விடிந்துவிடும். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் நான் அங்கேயே தங்க வேண்டும். உடம்பு ரொம்ப அசந்திருந்தது, சார். எப்படியும் ஏறி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். மெஷினை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவி அம்சவேணி ஆபீஸ் வாசலில் நின்றார். பின்னால் கடப்பாரையோடு பத்துப் பேர்.

"ஏனுங்க, அவரு ஊட்டுக்கு வரலீங்க. எங்கீங்க அனுப்புனீங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய் மெஷினைப் போட்டேன். கோடு சரிந்தது. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தது. ஆள் இன்னும் இருந்தார்.

உயிரோடு எடுத்தால், நேற்று மூன்றரையிலிருந்து கூப்பிட்டேன் என்பார். அதை அத்தனை பேருக்கும் விளக்க எனக்குத் தெம்பில்லை. வெளியே வந்து, ஒன்பதாவது கிலோமீட்டர் என்றேன். நம்பிப் போனார்கள்.

பதினொன்றே முக்காலுக்குச் சரிந்த கோடு அப்புறம் நிமிரவில்லை. அதுவரை திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவரைத் தனியாக விட மனசு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆடு தேடிப் போனவர்கள் அவரைப் பார்த்தார்கள். இடுப்புவரை மண். விரலில் இழை சுற்றியிருந்ததாம்.

காரியம் முடிந்த அன்று அம்சவேணி என்னைத் தேடி வந்து, "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, உடனே உசுரு போயிருக்கும்" என்றேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் சொன்னது. அந்த ஒன்றை மட்டும் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்.