ரோஜாவுக்கு வைத்த தட்டி

வாடைக்காற்று ரோஜாப் பூவைக் கெடுப்பதில்லை. அடித்தண்டை ஆட்டி ஆட்டி வேரை அறுத்துவிடும். அதனால் கார்த்திகை பிறந்ததும் நீண்ட கிளைகளை வெட்டி, தூரில் மண்ணை மிதித்து இறுக்கி, வடக்கே ஓலைத்தட்டி கட்டவேண்டும். இன்ஸ்பெக்டர் சார், எழுபத்தைந்தில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்த எனக்கு நாலு வருஷமாக இதுதான் உத்தியோகம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு இண்டர்வியூ கார்டுக்குக் காத்திருந்தேன். வயது ஏறுகிறதென்று அண்ணன் நல்லக்கண்ணு ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தான்.

இன்று காலை தோட்டத்துக்குப் போனால், தட்டிகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சக்கரம் ஏறி இரண்டு கன்றுகள் நசுங்கிக் கிடந்தன.

"ஏட்டி பேச்சித்தாய், செடிக்கு எதுக்குட்டி தட்டி? ஒன் நிச்சயத்துக்குப் பந்தல் போடணும்லா."

"மிச்சம் நாலு கன்னும் செத்துரும்ண்ணே."

"செத்தா சாவட்டும். ஆமா, முந்தாநாள் ஒரு சாவுக் கார்டு வந்துச்சுட்டி. மூலை கிழிஞ்சி, பூரா இங்கிலீசு. மேல கோபுரம் போட்டிருந்துச்சு. கோயில்காரன் எவனோ போய்ட்டான் போல. கிழிச்சி ஓடையில போட்டுட்டுத் தலைமுழுகிட்டேன்."

எங்கள் பக்கம் சாவுச் சேதியை மூலை கிழித்த கார்டில்தான் அனுப்புவார்கள். வீட்டுக்குள் கொண்டுவராமல் கிழித்துவிடவேண்டும். இந்தக் கார்டின் மூலை தபாலில் கிழிந்திருக்கும். கோபுரம் அரசாங்க முத்திரை. அவனுக்கு எழுத்துத் தெரியாது. அவனைக் குற்றம் சொல்லமாட்டேன்.

காற்று நிற்கவில்லை. கன்றுகள் ஆடின. கம்பு ஊன்றக் குழி தோண்டும் கடப்பாரை வரப்பில் கிடந்தது. குனிந்து கயிறு முடிந்துகொண்டிருந்தவனைப் பிடரியில் அடித்தேன். ஒரே அடி. சட்டி உடைகிற மாதிரிச் சத்தம் கேட்டது. தட்டி இல்லாத குறைக்கு அவனை இழுத்துவந்து, கன்றுகளுக்கு வடக்கே ஒருக்களித்துக் கிடத்தினேன். அண்ணன் நல்ல அகலம். அவன் முதுகுக்குப் பின்னால் நாலு கன்றும் இலைகூட அசையாமல் நின்றன. தூரில் மண்ணை மிதித்துவிட்டு, கிணற்றடியில் கைகழுவி, சங்கரன்கோவில் பஸ் ஏறி உங்களிடம் வந்தேன்.

கார்டுக்காகவா கொன்றாய் என்று கேட்கிறீர்கள். இல்லை, செடிக்காக. கோபத்தில் கொல்லவும் இல்லை. கோபக்காரி ஒரு அடியோடு நிறுத்துவாளா? ஆனால் நீங்கள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, பிணத்தை அடையாளம் காட்ட வந்த அம்மா, முகத்தை விட்டுவிட்டுக் காலில் இருக்கும் தழும்பை எதற்குத் தேடினாள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.